சிப்பாய் கால் தூக்காமல் நடந்த நாள்

ஆண் நாயை வாரில் பிடித்து நடத்திப் போகும்போது, அது வழிநெடுக நின்று நின்று காலைத் தூக்காமல் இருக்க எப்படிப் பழக்குவது என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். நாய் பழக்கும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஊரார் முதலில் கொண்டுவரும் புகாரே அதுதான். பதிலைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். நடையைத் தொடங்குமுன் நாயை அதற்கென்று ஓர் இடத்தில் நிறுத்தி, அதன் தேவை முடியும்வரை காத்திருங்கள். பிறகு வாரைக் குட்டையாகப் பிடித்து விறுவிறுவென்று நடங்கள். மூக்கு கல்லுக்கோ கம்பத்துக்கோ போகும்போதே பெயர் சொல்லி அழையுங்கள். உங்கள் பக்கம் திரும்பினால் தட்டிக்கொடுங்கள். கால் எழுந்த பிறகு அதட்டிப் பயனில்லை. மற்றதெல்லாம் கைப்பழக்கம். அதை எழுதிக் காட்ட முடியாது.

நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றை. இந்தப் பாடத்தைத் தெளிவாகத் தெரிந்து வைத்திருந்த நான், இதைக் கொண்டே ஒரு நாயைச் சாகவிட்டேன். அந்த நாயை வைத்திருந்த பெண்மணிக்கு அதைவிடப் பெரிய தீங்கையும் செய்தேன். உங்களுக்கு முன்னால் நின்று பேசும்போதெல்லாம் என் வெற்றிகளை மட்டுமே சொல்லியிருக்கிறேன். வயதாகிவிட்டது. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் திருநெல்வேலியில் இன்டர்மீடியட் வரை படித்தவன். வேலை கிடைக்காமல் செங்கோட்டைக்கு மேலே மலையில் ஒரு துரையின் தோட்டத்துக்குக் குமாஸ்தாவாகப் போனேன். துரையின் மனைவி, அந்தத் துரைசானி, நாய்கள் வளர்த்தாள். என் ஆங்கிலத்தைப் பார்த்து, நாய்ப் புத்தகங்களைத் தமிழில் ஆட்களுக்குச் சொல்வதற்காக என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாளடைவில் பேனா போய் வார் என் கைக்கு வந்தது.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு நாயும் சிறுநீர் கழித்தபின், குனிந்து அந்த இடத்தைப் பார்ப்பாள். எவ்வளவு, என்ன நிறம், ஒரே தாரையாக வந்ததா, சொட்டுச் சொட்டாக வந்ததா என்று பார்ப்பாள். வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியோடு நிற்கிறவன் நாயின் மூத்திரத்தைக் குனிந்து பார்ப்பதாவது? எங்கள் வீட்டில் நாய் வாசற்படி ஏறினாலே தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். நான் திரும்பி நிற்பதைக் கவனித்த அவள் ஒருநாள் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: “நீ நாயோட மூஞ்சி மட்டும் பாக்கிறே. அது பாதி நாய்தான்.”

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. மற்ற எல்லாவற்றையும் அவளிடம் கற்றுக்கொண்டேன். இந்த ஒன்றை விட்டுவிட்டேன்.

யுத்தம் வந்தது. துரையின் குடும்பம் கப்பல் ஏறியது. நான் கீழே இறங்கி வந்தேன். முதலில் கிடைத்தது புளியங்குடியில் ஓர் எலுமிச்சை மண்டி. மண்டிக்காரர் காவலுக்கு வளர்த்த ஆண் நாய், கொட்டி வைத்திருந்த குவியல் ஒவ்வொன்றிலும் தன் முத்திரையைப் பதித்துக்கொண்டிருந்தது. வாங்க வந்தவர்கள் விலையைப் பேசுவதை விட்டுவிட்டு மண்டிக்காரரைக் கேலி பேசினார்கள்.

“அண்ணாச்சி, ஊறுகாய்க்கு நாங்க தனியா உப்புப் போடணுமா? இல்ல, உங்க மண்டியிலயே போட்டுத் தாதீகளா?”

அந்த நாயைச் சீக்கிரமே திருத்திவிட்டேன். அது நல்ல நாய். சோம்பேறித்தனமாக வளர்க்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் என் பெயர் பரவிவிட்டது. லாரி ஓட்டுகிறவர்கள் வழியாகத் தென்காசிக்கும் போயிற்று. ‘நாய் மாஸ்டர்’ என்று என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல். எனக்கு இரண்டும் இனித்தது.

தென்காசியில் ஒரு வக்கீல் ஆள் அனுப்பினார். அவர் வீட்டில் சிப்பாய் என்று ஒரு நாய் இருந்தது. திருநெல்வேலி ஜில்லாவில் திருவேங்கடம் என்ற ஊர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் முயல் விரட்டிப் பழகிய வேட்டை நாய். ஒட்டிய வயிறு, நீண்ட முகம், சாம்பல் பூத்த உடம்பு. வக்கீலின் மனைவி கோமதி அம்மாளுக்குப் பிறந்த வீடு திருவேங்கடம். அங்கே அவருடைய ஒரே தம்பி வளர்த்த நாய் அது. நாய்க்குச் சிப்பாய் என்று பெயர் வைத்த அந்தத் தம்பி, பிறகு தானே சிப்பாயாகப் போய்விட்டான். போகும்போது நாயை அக்காளிடம் விட்டுப் போனான். பட்டாளத்திலிருந்து கடைசியாக அவன் கடிதம் வந்தது சிங்கப்பூரிலிருந்து. அந்த ஊர் ஜப்பான்காரன் கையில் விழுந்தபின் ஒரு செய்தியும் இல்லை.

கோமதி அம்மாள் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பார். நாயும் கூட நிற்கும். தபால்காரர் தலையை ஆட்டிவிட்டுத் தாண்டிப் போனதும் இரண்டு பேரும் உள்ளே போவார்கள்.

என்னிடம் அவர் முதல் நாளே சொன்னார்: “மாஸ்டர், இவனை அடிக்காம சொல்லிக் குடுங்க. தம்பி வந்து கேட்டாம்னா நான் முழுசா ஒப்படைக்கணும்லா.”

அடிக்காமல்தான் சொல்லிக் கொடுத்தேன். தென்காசி வீட்டுக்குப் பின்னால் விசாலமான தோட்டம் இருந்தது. முதலில் தோட்டத்தில் அவிழ்த்து விடுவது, பிறகு வாரில் நடை. கோயில் தெருவில் அவன் என் முழங்காலோடு ஒட்டி நடந்தான். வக்கீலுக்குத் திருப்தி. அந்தத் தோட்டத்தில் அவன் புதர் மறைவில் எவ்வளவு நேரம் நின்றான், எத்தனை தடவை நின்றான் என்று நான் பார்க்கவில்லை. வழக்கம்போல் திரும்பி நின்றுகொண்டிருந்தேன்.

சாரல் தொடங்கியதும் வக்கீல் குடும்பம் குற்றாலத்துக்குப் போனது. ஆண்டுதோறும் சீசனுக்கு ஒரு வீடு பிடித்துத் தங்குவது அவர்கள் வழக்கம். என்னையும் வரச் சொன்னார்கள். அந்த வீட்டுக்குத் தோட்டம் கிடையாது. வாசலில் இறங்கினால் தெரு. கூரையெல்லாம் குரங்கு. நாயை அவிழ்த்துவிட வழியே இல்லை. அவன் வெளியே போவதெல்லாம் என் கையில் உள்ள வாரோடுதான்.

அங்கே போன உடனே பாடம் கலைந்தது. பத்தடிக்கு ஒருமுறை நின்றான். கல், கம்பம், கடைப் பந்தல்கால், எண்ணெய் தேய்ப்பவர்கள் பாட்டில் அடுக்கி வைத்திருந்த பலகை, குளிக்கப் போனவர்கள் பாறைமேல் மடித்து வைத்திருந்த துணி, எதையும் விடவில்லை. இழுத்தால் வருவான், வந்து அடுத்த கல்லில் நிற்பான். எண்ணெய்க்காரர் ஒருவர் பலகையைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஏ மாஸ்டரு, நீரு நாய்க்குச் சொல்லிக் குடுக்கேரா? இல்ல, நாய் உமக்கு ஊர் சுத்திக் காட்டுதா?”

எனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தேன். குற்றாலத்தில் எத்தனையோ ஊர்ச் சனம், எத்தனையோ ஊர் நாய். புது வாசனை கிடைத்தால் ஆண் நாய் தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே போகும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். பத்தில் ஒன்பது தடவை அது சரியாகவே இருக்கும். சரியாக இருக்கும் காரணங்கள்தான் நம்மைக் கெடுப்பவை. அவை கைவசம் இருக்கும்போது நாம் குனிந்து பார்ப்பதில்லை.

அருவிக்குப் போகும் பாதையில், காவல் தெய்வமான மாடனுக்கு ஒரு பீடம் இருந்தது. சுண்ணாம்பு அடித்து, செம்மண் கோடு போட்ட சின்னப் பீடம். தம்பி உயிரோடு திரும்பினால் பொங்கலிடுவதாகக் கோமதி அம்மாள் அங்கேதான் நேர்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் காலை அவரே பூமாலையோடு வந்தார். நான் நாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, சிப்பாய் என் கையிலிருந்த வாரை இழுத்துக்கொண்டு போய் அந்தப் பீடத்தின் மேல் காலைத் தூக்கினான்.

சுற்றி நின்றவர்கள் பூசைக்காரரைப் பார்த்தார்கள். பூசைக்காரர் பெரியவர், அவர் கோபப்படவில்லை.

“வாயில்லாச் சீவன் செஞ்சதுக்கு மாடன் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டான் தாயி. அவனே வேட்டைக்கு நாயோட அலையுதவன்தான். ஆனா கயித்தைக் கையில புடிச்சிருக்கவம்னு ஒருத்தன் இருக்காம்லா, அவன்ட்டதான் கேப்பான்” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

கோமதி அம்மாள் அவர் சொன்னதைக் கேட்டதாகத் தெரியவில்லை. முகம் வெளுத்துப்போயிற்று. தம்பிக்காக நேர்ந்த இடத்தில், தம்பியின் நாயே இப்படிச் செய்துவிட்டது. அவர் பீடத்தைத் தன் கையால் கழுவினார். மாலையைச் சாத்திவிட்டு எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தார்.

நடந்ததைக் கேட்டு வக்கீல்தான் சத்தம் போட்டார். அவருக்கு மாடனிடம் பயமில்லை, ஊர்வாயிடம் இருந்தது. “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாயைத் திருவேங்கடத்துக்கு ஏத்தி விட்டுருவேன். அங்கன எவனாவது காட்டுல கட்டிப் போடட்டும். நான் நாளைக்குத் திருநெல்வேலி கோர்ட்டுக்குப் போறேன். வாரக் கடைசியில வந்து பாப்பேன், கேட்டீரா?”

அவர் உள்ளே போனபின் கோமதி அம்மாள் என்னிடம் வந்தார். “அவங்க சொன்னாச் செஞ்சிருவாங்க மாஸ்டர். தம்பி வந்து, ‘அக்கா, சிப்பாய் எங்க’ன்னு கேட்டாம்னா நான் எந்தக் காட்டுல போய்த் தேடுவேன்? எப்படியாவது சரி பண்ணிருங்க.”

நான் சரி செய்கிறேன் என்றேன். அப்போது என் மனத்தில் அந்த அம்மாளின் கலக்கம் பாதி, எண்ணெய்க்காரரின் கேலி பாதி. எந்தப் பாதி பெரிது என்று இப்போது என்னைக் கேட்டால் வெட்கத்தோடுதான் பதில் சொல்ல வேண்டும்.

மறுநாள் முதல் என் முறையை மாற்றினேன். அவன் நிற்க நினைக்கும்போதே கழுத்துப்பட்டையை வெடுக்கென்று இழுத்தேன். கால் அசைந்தாலே அதட்டினேன். நடைக்கு முன் ஓரிடத்தில் நிறுத்திக் காத்திருக்க வேண்டும் என்ற முதல் விதியை விட்டுவிட்டேன். நிறுத்தினால் நின்றுகொண்டே இருக்கிறான், முடிக்கவே மாட்டேன் என்கிறான், சாரலில் நனைந்துகொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? விளையாட்டுக் காட்டுகிறான் என்று முடிவு கட்டினேன்.

அடித்தேனா என்று கேட்பீர்கள். அடிக்கவில்லை. ஆனால் வாரின் மறுமுனையில் கை இருந்தால் அடிக்காமலேயே எவ்வளவோ செய்யலாம். அது உங்களுக்கும் தெரியும்.

இரண்டே நாளில் பலன் தெரிந்தது. நிற்பது குறைந்தது. பிறகு ஒருநாள் முழுக்க அவன் காலைத் தூக்கவே இல்லை. அடுத்த நாள் காலை, கூட்டம் நிறைந்த நேரமாகப் பார்த்து, அவனை அருவிப் பாதையில் நடத்திப் போனேன். எண்ணெய்ப் பலகைகளைத் தாண்டினோம். துணி மடித்து வைத்த பாறைகளைத் தாண்டினோம். மாடன் பீடத்தருகே வேண்டுமென்றே நின்றேன். அவனும் நின்றான். தலை குனிந்திருந்தது, முதுகு சற்று வளைந்திருந்தது. எனக்கு அது பணிவாகத் தெரிந்தது. கல்லை முகர்ந்தும் பார்க்கவில்லை.

எண்ணெய்க்காரர் எழுந்து நின்று சத்தமாகச் சொன்னார்: “ஏலே, இங்கன வந்து பாருங்கலே. நாய்க்கு உபதேசம் பண்ணிட்டாரு மாஸ்டர். எங்க வீட்டுல ஒருத்தன் இருக்கான், அவனையும் கொண்டாந்து விடட்டா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வேலை வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் நடந்தது இல்லை. நாய் என் பக்கத்தில் மெதுவாக, கால்களைச் சிறிது அகட்டி வைத்து நடந்து வந்தது.

அன்று சாயங்காலம் சிப்பாய் சோறு தின்னவில்லை. ஒரு மூலையில் படுப்பான், எழுவான், இடம் மாறிப் படுப்பான். கோமதி அம்மாள் சமையலறை வாசலில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், இவன் ஒரு மாதிரியா இருக்கானே. காலையில ஒண்ணுக்குப் போனானா?”

நான் சொன்னேன்: “போனான்ம்மா.”

“சாயங்காலம்?”

“அப்பவும் போனான். சாரல் காத்து ஒத்துக்கலை. வேற ஒண்ணுமில்ல.”

இரண்டு தடவையும் பொய். அவன் போனதை நான் பார்க்கவில்லை. தரையெல்லாம் நனைந்து கிடந்தது. போயிருப்பான், நான் கவனித்திருக்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போகவில்லை என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாள் அப்போதே வண்டி பிடிக்கச் சொல்லியிருப்பார். அதோடு என் பாடமும் கேள்விக்கு உள்ளாகியிருக்கும். காலையில் தெருவே பாராட்டிய வெற்றியைச் சாயங்காலமே விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு கேள்வி, ஒரு சொல்லில் பதில். நம் தொழிலில் உயிர் இப்படித்தான் போகிறது.

விடிந்தபோது அவன் வாந்தி எடுத்திருந்தான். வயிறு இறுகி, தொட்டால் முனகினான். பின்னங்கால்களை மடக்கி முக்கிக்கொண்டே நின்றான். தரையில் இரண்டு மூன்று சொட்டுகள். அன்றுதான் முதன்முறையாக நான் குனிந்து பார்த்தேன். சொட்டுகள் சிவப்பாக இருந்தன.

குதிரைவண்டி பிடித்து, கோமதி அம்மாளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, நாயை மடியில் வைத்துக்கொண்டு தென்காசி மாட்டாஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தவன், ஊர் எல்லை வந்தபோது சட்டென்று அடங்கினான். உடம்பின் இறுக்கம் தளர்ந்தது. என் கையை ஒருமுறை நக்கினான். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, “சொகமாயிட்டு போலுக்கு” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சும்மா அலையவிட்டோமே, திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

டாக்டர் வயதில் என்னைவிடச் சற்றே மூத்தவர். வயிற்றை அழுத்திப் பார்த்தார். மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தப் பார்த்தார். அது பாதியில் முட்டி நின்றது. குழாயைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

“எத்தனை நாளா அடிக்கடி காலைத் தூக்குது?”

“குற்றாலம் வந்ததிலிருந்து சார். அடையாளம் வைக்கிற பழக்கம். நான் அதை நிறுத்திட்டேன்.”

“காலைத் தூக்குறப்பெல்லாம் ஏதாவது வந்ததா?”

நான் கையிலிருந்த வாரைச் சுருட்டினேன்.

“பார்த்தீங்களா, இல்லையா?”

“பார்க்கலை சார்.”

அவர் என்னைத் திட்டவில்லை. சிறுநீர்ப் பையில் கல் இருந்திருக்கிறது, பல மாதமாக இருந்திருக்கும் என்றார். போக வேண்டும் போலவே இருக்கும், போனால் வராது. அதனால்தான் பத்தடிக்கு ஒருமுறை நின்றிருக்கிறது. கல் இறங்கி வந்து வழியை அடைத்தபிறகு காலைத் தூக்குவதும் வலி. அதனால் தூக்குவதையே விட்டிருக்கிறது. “வழியில அமைதியாச்சுன்னு சொன்னீங்களே, அப்பதான் பை உடைஞ்சிருக்கும். நேத்துச் சாயங்காலம் கொண்டு வந்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம்.”

பகல் சாய்வதற்குள் சிப்பாய் இறந்தான். நான் பழக்கம் என்று நினைத்தது நோய். பணிவு என்று நினைத்தது வலி. அவன் பத்தடிக்கு ஒருமுறை என்னிடம் முறையிட்டிருக்கிறான். நான் ஒவ்வொரு தடவையும் கழுத்தை இழுத்து வாயடைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அவனைப் புதைத்துவிட்டு, அதே வண்டியில் குற்றாலம் திரும்பினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். கல் இருந்தது, நான் கவனிக்கவில்லை, நேற்று உங்களிடம் பொய் சொன்னேன். மூன்று வாக்கியம். மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

கோமதி அம்மாள் வாசலில் நின்றார். என் கையில் வெறும் வாரைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் அவர் கேட்டார்: “மாடன் எடுத்துக்கிட்டானா?”

நீங்கள் என்னை எவ்வளவு இழிவாக நினைத்தாலும் தகும். அந்தக் கேள்வி எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் அழவில்லை. “எனக்குத் தெரியும். நாயை எடுத்தவன் இனிமே தம்பியை எங்க விடப் போறான்?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

குற்றாலத்திலும் தினமும் தபாலுக்காக வாசலில் நின்றவர், அதன்பின் அந்த நேரத்துக்கு வெளியே வரவில்லை. மறுநாள் தபால்காரரே நின்று, “அம்மா உள்ளதான் இருக்காவளா?” என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார்.

வாரக் கடைசியில் வக்கீல் வந்தார். எவ்வளவோ எடுத்துச் சொன்னார். “ஜப்பான்காரன்கிட்ட கைதியா இருப்பாம்ட்டி. நாய் செத்ததுக்கும் அவனுக்கும் என்ன இருக்கு?” என்று கெஞ்சினார். நாய் எதனால் செத்தது என்று என்னைக் கேட்டார். திடீரென்று வந்த வயிற்று நோய் என்றேன். அவர் வாதாடுவதற்கு வேண்டியிருந்த ஒரே சாட்சி நான்தான். கல்லைப் பற்றி நான் சொல்லவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. அன்று குற்றாலத்தில் அருவிக்கரை முழுவதும், செத்துப்போனவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பவர்களாக இருப்பார்கள். கோமதி அம்மாள் சொல்லி அனுப்பி, திருவேங்கடத்திலிருந்து பெரியப்பா மகன் ஒருவர் வந்தார். அவர் தயங்கினார். “சேதி தாக்கல் ஒண்ணும் வராம எப்படி தங்கச்சி? இருக்கவனுக்கு எள்ளு எறைக்கக் கூடாதும்பாங்களே” என்றார்.

“அவன் இல்லைண்ணே. எனக்குத் தெரியும். அவன் ஆத்மா தாகத்தோட அலையக் கூடாது.”

அவர் ஈர வேட்டியோடு உட்கார்ந்தார். அவன் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. கோமதி அம்மாள் கைகூப்பி நின்றார். நான் பத்தடி தள்ளி, அவர்களுடைய மாற்றுத் துணிகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உயிரோடு இருந்திருக்கக்கூடிய ஒருவனை அன்று அவன் அக்காள் பிதிர்களோடு சேர்த்தார். நான் துணி நனையாமல் பார்த்துக்கொண்டேன்.

அந்த வாரமே வேலையை விட்டு மதுரைக்குப் போனேன். அதன்பிறகு நான் பழக்கிய எந்த நாயையும் குனிந்து பார்க்காமல் விட்டதில்லை. என்னிடம் வேலை கற்றவர்கள் அதைக் கேலி செய்ததும் எனக்குத் தெரியும். உங்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். காரணத்தை ஒருநாளும் நான் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன். புகார் வந்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பழக்கமா நோயா என்று தெரிந்தபின் வாரை எடுங்கள். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். தவறு நடந்துவிட்டால் அன்றே சொல்லுங்கள். நான் எவ்வளவு தாமதித்தேன் என்பதையும் சொல்லி முடிக்கிறேன்.

யுத்தம் முடிந்து, சிறைப்பட்டவர்கள் திரும்பி வந்து, சுதந்திரமும் வந்துவிட்டது. கோமதி அம்மாளின் தம்பி வரவில்லை. அவனோடு போனவர்களில் சிலர் வந்தார்கள். அவன் சிங்கப்பூரில் சாகவில்லை என்றும், சிறைமுகாமிலிருந்து வேறெங்கோ வேலைக்குக் கொண்டுபோனார்கள் என்றும் அவர்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எந்த ஆண்டு, எந்த மாதம் செத்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. அதைக் கேட்டபின் என்னால் இருக்க முடியவில்லை. தென்காசிக்கு ரயில் ஏறினேன்.

வீட்டில் கோமதி அம்மாள் தனியாக இருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்தார். நான் காப்பியைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கல்லைச் சொன்னேன். நான் முகத்தைத் திருப்பி நின்றதைச் சொன்னேன். போனான் என்று இரண்டு தடவை சொன்ன பொய்யையும், வாசலில் தலை குனிந்த பொய்யையும் சொன்னேன்.

அவர் ஒன்று மட்டும் கேட்டார்.

“சிப்பாய்க்கு ரொம்ப வலிச்சிருக்குமோ?”

“ஆமாம்மா. ரொம்ப வலிச்சிருக்கும்.”

“அப்போ மாடன் ஒண்ணும் பண்ணலை.”

“இல்லம்மா.”

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்மீது கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. களைப்புதான் இருந்தது.

“நான் எள்ளு எறைக்க வச்ச அன்னைக்கு அவன் அங்கன எங்கயோ உசுரோடதான் இருந்திருப்பான் மாஸ்டர்” என்றார். “நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, இன்னும் கொஞ்ச நாள் நான் அவனுக்காகக் காத்துக்கிட்டு இருந்திருப்பேன்.”